செப்புக்குள் பத்தொன்பது சாமான்கள்

செப்பை மூடப் போகிறோம் என்று கம்பெனி அனுப்பியிருந்த அறிவிப்பை நாச்சிமுத்து மூன்று முறை படித்தார். மாசி மாதம் முப்பதாம் தேதி மாலை ஆறு மணியோடு செப்புகளை இயக்கும் மடிப்பு நிலையம் நிறுத்தப்படும். அதற்குள் வாடிக்கையாளர்கள் தங்கள் சாமான்களை வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காமல் விட்டவற்றுக்குக் கம்பெனி பொறுப்பல்ல.

அன்றைக்குத் தேதி இருபது. வண்டிக்குள் பொருத்தியிருந்த செப்பு இழுப்பறையின் நெற்றியில் இருந்த சின்னக் கண்ணாடியில் பச்சை எழுத்தில் இரண்டு எண்கள் தெரிந்தன. உள்ளே இருக்கும் சாமான் பத்தொன்பது. மொத்த எடை முப்பத்தொரு கிலோ. அவர் மனைவி உலகம்மாள் காலமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பத்தொன்பதில் நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தவை ஐந்தே ஐந்து. அவர் கையால் வைத்தவை அவை. மீதி பதினான்கும் அவள் வைத்தவை.

கரூர் சர்வீஸ் ஆபீசுக்குப் போன் போட்டார். வண்டியில் செப்பைப் பொருத்திக் கொடுத்த மேகலாவே எடுத்தாள்.

"உள்ள என்ன இருக்குதுன்னு உங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு அம்மிணி."

"அது எங்களுக்கே தெரியாதுங்கண்ணா. அன்னைக்கே சொன்னனுங்களே. பட்டுச்சீலைய மடிச்சு மடிச்சு மோதரத்துக்குள்ள நொழைக்கற மாதிரி, சாமான இந்த எடத்துல இருந்தே மடிச்சு எடுத்தர்றோம். எடம் அடைக்காது, கனமும் இருக்காது. ஆனா மடிச்சது அவுராம இருக்க ஒரு முடிச்சுப் போடோணுமில்லீங்களா? வெக்கறவிய சொல்ற சொல்லுத்தான் அந்த முடிச்சு. அந்தச் சொல்லையே திருப்பிச் சொன்னாத்தான் அவுரும்."

"அந்தச் சொல்லு எங்காச்சும் எழுதியிருக்குமில்ல?"

"எழுதி வெச்சா இன்னொருத்தன் எடுத்துக்குவான்னு எங்கயும் எழுதறதில்லீங்க. யாரு கொரல்ல வேணாலும் சொல்லலாம், சொல்லு சரியா இருந்தாப் போதும். தப்பாச் சொன்னீங்கன்னா கால்மணி நேரம் பூட்டிக்கும். பாத்துச் சொல்லுங்கோ."

"ஆறு மணி ஆச்சுன்னா?"

"மடிச்சது மடிச்சபடி நிக்கறதுக்குக் கரண்டு வேணுமுங்கண்ணா. கரண்ட நிறுத்திப் போட்டா அப்படியே சுருங்கிப் போயிரும். அப்பறம் அதுக்கு எடமே இருக்காதுங்க."

நாச்சிமுத்து போனை வைத்துவிட்டு வண்டியைச் சுற்றிப் பார்த்தார். இடம் என்ற சொல் அவருக்குச் சாதாரணச் சொல் அல்ல. கரூரில் நாற்பது வருடம் பஸ் பாடி கட்டியவர். அடுத்தவர்கள் உட்காருவதற்கு ஆயிரக்கணக்கான சீட்டுகள் போட்டவர். அறுபது வயதில் பட்டறையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு, தமக்கும் உலகம்மாளுக்கும் குடியிருக்க ஒரு வண்டி கட்டிக்கொண்டார். அந்தக் காலத்தில்தான் வீட்டு வண்டிகள் பெருகத் தொடங்கியிருந்தன. ஊர் ஊராகப் போய், ஆற்றங்கரையோ மலையடிவாரமோ நிறுத்திக்கொண்டு, சலித்தால் கிளம்பிவிடும் வாழ்க்கை. இப்போதும் வண்டி மாயனூர்க் கதவணைக்குப் பக்கத்துத் திடலில், இன்னும் முப்பது வண்டிகளோடு நின்றிருந்தது.

எட்டடி அகலம், இருபத்திரண்டடி நீளம். அதற்குள் ஒரு குடும்பத்தை வைப்பதற்கு அவர் எத்தனை வித்தை செய்திருந்தார். மிளகாய்த்தூள், மல்லித்தூள் பாட்டில்களின் மூடிகளை அலமாரிப் பலகையின் அடியில் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார். பாட்டிலை ஒரு திருகு திருகினால் கைக்கு வரும், மறுதிருகில் பலகைக்கே போய்விடும். ஏறும் படிகள் மூன்றும் செருப்பு வைக்கும் இழுப்பறைகள். சீட்டின் முதுகைக் கவிழ்த்தால் சாப்பாட்டு மேசை. சீட்டுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி. கதவின் உள்பக்கம் சீப்பு, டார்ச், மாத்திரை எல்லாவற்றுக்கும் துணிப்பைகள் தைத்து ஆணி அடித்திருந்தார். பாத்திரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, நடுவில் பழந்துணி வைத்து அடுக்கப்பட்டிருக்கும். துணிமணியை மடிக்கவே கூடாது, பாய் போலச் சுருட்டி நிற்க வைக்க வேண்டும். அப்போதுதான் எந்தச் சட்டை எங்கே இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

வண்டி ஓடும்போது எங்காவது ஒரு சாமான் கிணுகிணுத்தால் உலகம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு எழுந்து போவாள். எதன் சத்தம் என்று அவளுக்குத் தெரியும். "மூடி பேசுது" என்பாள். ஒரு துணித்துண்டைச் செருகிவிட்டு வந்து உட்காருவாள். அப்புறம் நாற்பது கிலோமீட்டருக்குச் சத்தமே இருக்காது. கொல்லிமலை வளைவுகளில், ஒகேனக்கல் ரோட்டில், ராமேஸ்வரம் பாலத்தில் எல்லாம் அப்படித்தான் போனார்கள்.

வண்டிக்கு ஒரு சட்டமும் போட்டிருந்தார். ஒரு சாமான் உள்ளே வந்தால் ஒரு சாமான் வெளியே போக வேண்டும். எடை கூடினால் மலை ரோட்டுச் சோதனைச் சாவடியில் ஏற விடமாட்டார்கள். உலகம்மாள் அந்தச் சட்டத்தை ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. "போனாப் போகுதுங்க, பக்கத்து வண்டிக்காரிக்குக் குடுத்தர்றேன்" என்று எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

செப்பு வேண்டும் என்று அவள் கேட்டபோதுதான் அவருக்கு ரோசம் வந்தது. "நான் கட்டுன பொட்டியெல்லாம் பத்தாதாக்கும்?"

"பத்தாமயில்லீங்க. ஊருல எல்லா வண்டியிலயும் இருக்குது. இருந்துட்டுப் போகட்டுமே."

இருந்துவிட்டுப் போகட்டும் என்று டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மூன்றடி நீளத்துக்கு அந்த இழுப்பறையைப் பொருத்த விட்டார். தம்முடைய ஐந்து சாமான்களை வைத்ததோடு அதை மறந்தும் போனார்.

முதல் நாளே தம் ஐந்தையும் எடுத்துவிட்டார். ஜாக்கி, டேபிள் ஃபேன், மழைக்கோட்டு, பெரிய ரம்பம், பட்டறைப் போட்டோ. பொத்தானை அழுத்திச் சொல்லச் சொல்ல, இழுப்பறை ஒரு பெருமூச்சு போன்ற சத்தத்தோடு வெளியே வந்தது. கண்ணாடியில் பதினான்கு என்று நின்றது.

பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கோடு போட்டார். ஒரு பக்கம் நேரம், மறுபக்கம் சொல்லிப் பார்த்த சொல். தவறினால் கால்மணி என்றால் ஒரு நாளைக்கு நாற்பது, நாற்பத்தைந்து சொல்லுக்கு மேல் ஆகாது. ஆகவே யோசித்துத்தான் சொல்ல வேண்டும். வீட்டில் காணாமல் போன சாமான் எது என்று முதலில் பார்த்தார். உலகம்மாள் போனதிலிருந்து சீமாறு கண்ணில் படவில்லை. பக்கத்து வண்டியில் இரவல் வாங்கித்தான் கூட்டிக்கொண்டிருந்தார். அவள் அதைச் செப்பில் வைப்பதை வெளியே இருந்து ஒரு தடவை பார்த்த ஞாபகமும் இருந்தது.

"சீமாறு" என்றார். செப்பு சிவப்பு விளக்கைக் காட்டிப் பூட்டிக்கொண்டது. கால்மணி கழித்து "வெளக்கமாறு" என்றார். சிவப்பு. "துடைப்பம்" என்றார். அதற்கும் சிவப்பு.

இரண்டு நாள் இப்படியே போயிற்று. திடல் முழுக்க இதே கதைதான். எந்த வண்டிப் பக்கம் போனாலும் உள்ளே யாராவது செப்பைப் பார்த்து ஒற்றை ஒற்றைச் சொல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வண்டியில் ஒருவர் ரகசியமாக வைத்திருந்த பிராந்தி பாட்டில், அவர் மனைவி சலித்துப்போய் "முருகா" என்றதும் வெளியே வந்துவிட்டது. அன்று அந்த வண்டியில் அடுப்பு எரியவில்லை. சிரித்தவர்கள் எல்லோரும் தங்கள் வண்டிக்குள் போனதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். மனிதர்கள் எதை எதை என்ன பெயர் சொல்லி ஒளித்து வைத்திருந்தார்கள் என்பது அந்தப் பத்து நாளில்தான் வெளியே வந்தது.

மூன்றாம் நாள் தென்காசியிலிருந்து பூரணம் போன் போட்டாள். உலகம்மாளின் தங்கை, தையல் கடை வைத்திருப்பவள். மாதம் ஒரு தடவை விசாரிப்பாள்.

"என்ன செய்யுதிய அத்தான்? சாப்டாச்சா?"

நாச்சிமுத்து விஷயத்தைச் சொன்னார். சீமாற்றுக்கே மூன்று நாள் ஆகிவிட்டது என்றார்.

"எங்க ஊருல அத வாரியல்னுல்லா சொல்லுவோம். அதச் சொல்லிப் பாத்தியளா?"

"அவ அப்படிச் சொல்லி நாங் கேட்டதே இல்லியே அம்மிணி. சீமாறுன்னுதான் சொல்லுவா."

"சும்மா சொல்லிப் பாருங்க. போனக் கீழ வைக்காண்டாம்."

பொத்தானை அழுத்தி, பிறர் சட்டையைப் போட்டுக்கொண்டவர் போலக் கூச்சத்தோடு "வாரியல்" என்றார். இழுப்பறை பெருமூச்சு விட்டது. உள்ளே ஈர்க்குகள் தேய்ந்த அந்தச் சீமாறு படுத்திருந்தது.

அவர் அதைக் கையில் எடுக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார். கேட்டதே இல்லை என்று சொன்னது பொய் என்பது நினைவுக்கு வந்துவிட்டது. கேட்டிருக்கிறார். கல்யாணமான முதல் வாரம். தென்காசிக்கு ஒரு பஸ்ஸை ஒப்படைக்கப் போன இடத்தில் பார்த்துப் பிடித்துப்போய், இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்துக் கட்டிக்கொண்டு வந்த பெண். காலையில் வாசலில் நின்று, "வாரியல் எங்கன இருக்கு?" என்று கேட்டாள். அவருடைய அக்காமார் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்ததோடு விடாமல் பட்டறையில் போய் அதை ஒரு கதையாகச் சொன்னார். ஒரு மாதம் வரை பட்டறைக்காரர்கள் "வாரியல் எங்கன" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் சாப்பாடு கொண்டுவந்த நாளில் அது காதில் விழுந்தும் இருக்கும். அடுத்த மாதத்திலிருந்து அவள் வாயில் சீமாறுதான் வந்தது. சாப்பாட்டுத் தட்டுக்கு வட்டல், பாத்திரத்துக்குப் போசி, பரணுக்கு அட்டாலி எல்லாமே வந்துவிட்டன. "ஒரே மாசத்துல பழகிக்கிட்டா" என்று அவர் எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறார்.

"அத்தான், லைன்ல இருக்கியளா?"

"இருக்கறேன். உங்கூர்ச் சொல்லெல்லாம் எனக்கு எழுதிக்கச் சொல்லு அம்மிணி. அடுப்பங்கரையில இருந்து ஆரம்பி."

அன்றிலிருந்து காலையும் மாலையும் பூரணம் போனில் சொல்ல, அவர் நோட்டில் எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் திருத்தமாகச் சொல்லிப் பழகிய பிறகே பொத்தானை அழுத்தினார். வகுப்பில் கடைசி பெஞ்சில் நிறுத்தி வைத்த பையன் போல அவர் சொல்வதைக் கேட்டுப் பூரணத்துக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"சருவம்" என்றதும் ஒரு வெண்கலப் பாத்திரம் வந்தது. அவர் அடையாளம் கண்டுகொண்டார். குக்கர் வாங்கியபோது, ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும் என்று அவர் வெளியே போகச் சொன்ன பாத்திரம். யாருக்கோ கொடுத்துவிட்டதாக அவள் சொன்னாள். "கொட்டான்" என்றதும் பனையோலையில் முடைந்த சின்னப் பெட்டி. அவருடைய இரண்டாவது டூல்பாக்ஸ் வந்தபோது போனது. "கண்ணாப்பை" என்றதும் ஓட்டை ஓட்டையாக ஒரு பித்தளைக் கரண்டி. "திருவலை" என்றதும் கால் வைத்த மரப்பலகையில் பல் பல்லாக ஒரு தேங்காய்த் துருவி வந்தது. அது அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த நாளில் பிளேடு தேயாமல் இருந்தது. இப்போதும் தேயாமல்தான் இருந்தது.

சந்தவை பிழியும் உரலுக்கு மட்டும் ஒரு நாள் பிடித்தது. "இடியாப்ப ஒரல்" என்று அவர் சொன்னதைச் செப்பு ஏற்கவில்லை. பூரணம் யோசித்து, "எங்கம்மா ஒரல்னு சொல்லமாட்டா. இடியாப்பக் கட்டைன்னுதான் சொல்லுவா" என்றாள். அதற்குத் திறந்தது.

ஒவ்வொன்றும் வெளியே வர வர வண்டிக்குள் இடம் குறைந்தது. மேசை நிறைந்து, சீட்டு நிறைந்து, அவர் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று. சீமாறு தவிர எல்லாம் அவருடைய சட்டத்தால் வெளியே போனவை. ஒன்றுகூடப் போகவில்லை. அவருக்கு முதுகுக்குப் பின்னால், டிரைவர் சீட்டுக்கு இரண்டங்குலத்தில், கூடவே ஊர் ஊராக வந்திருக்கின்றன. அவள் தனியாக இருந்த நேரங்களில் மட்டும் அவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் குளிக்க ஆற்றுக்குப் போன நேரம், டீசல் பிடிக்க வரிசையில் நின்ற நேரம். வேறு எங்கேயும் அந்தப் பெயர்களை அவள் உச்சரிக்கவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் கண்ணாடியில் ஒன்று என்று நின்றது. எடை இருபது கிராம்.

இருபது கிராமுக்கு என்ன இருக்கும் என்று யோசித்துப் பார்த்தார். மூக்குத்தி அவ்வளவு கனம் இருக்காது. கொலுசு என்றால் இன்னும் கனம் இருக்கும். தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தார். எல்லாமே சிவப்பு.

முப்பதாம் தேதி காலை ரயிலில் பூரணமே கரூர் வந்து இறங்கிவிட்டாள். கையில் ஒரு நீளக் காகிதம். தெருவில் இருக்கிற வயசாளிகளிடமெல்லாம் கேட்டு எழுதி வந்த சொற்கள். வண்டிக்குள் ஏறியவள் சீட்டில் பரப்பியிருந்த சாமான்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் எண்ணினாள். திருவலையை மட்டும் தொட்டுப் பார்த்தாள். சவத்து அழுகை எதற்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

பிறகு ஆரம்பித்தார்கள். பாசி, சிமிழ், நார்ப்பெட்டி, சிட்டை, குலதெய்வத்தின் பெயர், பள்ளிக்கூடத்துத் தோழியின் பெயர். ஒவ்வொன்றுக்கும் நடுவே கால்மணி. அந்தக் கால்மணிகளில்தான் இருவரும் பேசிக்கொண்டார்கள்.

"நாங்கதான் அவள இப்படிப் பண்ணிப் போட்டோம் அம்மிணி. சிரிச்சே வாய அடைச்சுப் போட்டோம்" என்றார் நாச்சிமுத்து. "உங்கூட்டுக்கு வந்தப்பவாச்சும் வாய் நெறையப் பேசியிருப்பா."

பூரணம் காகிதத்தைச் சுருட்டினாள், விரித்தாள். "அங்கனயும் பேசல அத்தான். வந்து எறங்கினதும் 'என்னுங்க, ஏனுங்க'ன்னு ஆரம்பிப்பா. நாங்க சும்மா விடுவமா? கரூர்க்காரி வந்துட்டா, இழுத்து இழுத்துப் பேசுதா பாருன்னு கேலி பண்ணுவோம். நாந்தான் பெருசாப் பண்ணினேன். அவள மாதிரியே பேசிக் காட்டுவேன். எல்லாரும் சிரிப்பாவ. அவளும் சிரிப்பா. பொறவு அங்க வந்தாலும் சும்மாவே இருக்க ஆரம்பிச்சிட்டா."

வெளியே கதவணையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

நாச்சிமுத்து மெதுவாகச் சொன்னார். "அப்ப அவளுக்கு எந்த ஊருமே இல்லாமப் போச்சு."

ஐந்து மணி முப்பத்திரண்டுக்கு "பவுன்" என்று சொல்லித் தோற்றார்கள். அடுத்து ஐந்து நாற்பத்தேழுக்குத் திறக்கும். அதுவும் தவறினால் ஆறு இரண்டு. ஆறு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். ஆக, மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல்.

"எங்கம்மா பேரு சொல்லிருவோம் அத்தான். கடைசில எல்லாருக்கும் அம்மா ஞாபகம்தான் வரும். இல்லன்னா உங்க பேரு."

"எம் பேர அவ சொன்னதே இல்லியே. ரேசன் கார்டுல பேரு கேட்டாக்கூட என்னையத் தொட்டுக் காட்டுவா."

"அது தெரியும். பின்ன எப்பிடித்தான் கூப்பிடுவா?"

அவர் யோசித்தார். நாற்பத்தொரு வருடம். யோசிக்க யோசிக்க வியப்பாக இருந்தது. "கூப்பிட்டதே இல்ல அம்மிணி. பக்கத்துல வந்து நிப்பா. காப்பி குடுக்கறப்ப 'இந்தாங்க'ம்பா. கூட்டத்துல நான் முன்னால போயிட்டன்னா பொறகால இருந்து 'இந்தாங்க'ம்பா. பஸ் ஸ்டாண்டுல எத்தன பேரு கத்தினாலும் எனக்கு அது தெரியும். திரும்பிருவேன்."

சொல்லி முடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் செப்பைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது எங்க ஊருலயும் உண்டு" என்றாள் பூரணம், தணிந்த குரலில்.

"எங்கூர்லயும் உண்டு."

"அதச் சொன்னா எந்த ஊருலயும் சிரிக்கமாட்டாவ."

ஐந்து நாற்பத்தேழு. சிவப்பு விளக்கு அணைந்து பச்சை வந்தது. "நீயே சொல்லு அம்மிணி" என்றார். "நான் எப்பிடிச் சொல்லதுக்கு அத்தான்? அது அவ சொல்லுத சொல்லு. உங்களுக்கு உள்ளது. நீங்களே சொல்லுங்க."

விரல் பொத்தானில் இருந்தது. அவர் அந்தச் சொல்லைக் கேட்டே பழகியவர். தாமாகச் சொல்ல நேர்ந்ததில்லை. கூட்டத்தில் முன்னால் போய்க்கொண்டிருக்கும் ஒருத்தியைப் பின்னாலிருந்து கூப்பிடுவது போல, அவசரமில்லாமல் சொன்னார்.

"இந்தாங்க."

இழுப்பறை பெருமூச்சு விட்டுத் திறந்தது.

உள்ளே நான்காக மடித்த காகிதங்கள், குண்டூசி குத்தி இருந்தன. உலகம்மாளின் கையெழுத்து. ஆஸ்பத்திரியில் நாள் குறித்துச் சொல்லிவிட்ட பிறகு, போன ஆனி மாதம் எழுதியது. தேதி போட்டிருந்தாள். வரிசை எண் போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாள். ஒன்று, வாரியல், நீங்கள் சொல்லும் சீமாறு. இரண்டு, சருவம், உங்கள் போசி. செப்பைத் திறக்கும் பதின்மூன்று சொற்களும் அங்கே இருந்தன. பத்து நாளாக அவர் தேடி அலைந்த சொற்கள் எல்லாமே.

பூரணம் அவர் தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டாள். "கோட்டிக்காரி. பூட்டுக்குள்ளயே சாவிய வச்சிருக்கா பாருங்க."

"இது சாவியே இல்லாமத் தொறக்கற பூட்டுன்னு நெனச்சிருக்கா அம்மிணி. மொதச் சொல்லே இதத்தான் சொல்லுவேன்னு நெனச்சிருக்கா."

சொல்லோடு அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, செப்பிலிருந்து வெளியே எடுத்தால் அது வண்டியில் எங்கே இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். அவர் கட்டிய வண்டியை அவரைவிட நன்றாக அளந்திருந்தாள்.

வாரியல், கதவுக்குப் பின்னால், குடை தொங்கும் கொக்கியில். குடை மடக்குக் குடையாக வாங்கிக்கொள்ளவும்.

சருவம், குக்கருக்கு மேல் கவிழ்த்து. நடுவில் துணி வேண்டும், இல்லாவிட்டால் பேசும்.

திருவலை, உங்கள் இரண்டாவது டூல்பாக்ஸ் இருக்கும் இடத்தில். அதில் மூன்று சுத்தியல் இருக்கின்றன. ஒன்று போதும்.

கொட்டான், கண்ணாடிக்கு மேல் அட்டாலியில். உள்ளே வேறெதுவும் வைக்க வேண்டாம். சும்மா இருக்கட்டும்.

நாச்சிமுத்து ஒவ்வொரு வரியாக வாசித்து, வாசித்த இடத்தைத் தலை தூக்கிப் பார்த்தார். கொக்கி, குக்கர், அட்டாலி. ஒன்றும் தப்பில்லை. எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. வண்டி கட்டிய நாள் முதல் இருந்திருக்கிறது.

கடைசித் தாளின் அடியில் பதினான்காவது எண்.

பதினான்கு, இந்தக் கடுதாசி. உங்கள் சட்டைப் பையில்.

அவர் குனிந்து பார்த்துக்கொண்டார். புழுக்கத்துக்குப் பனியனோடுதான் இருந்தார். எழுந்து போய், சுருட்டி நிறுத்தி வைத்திருந்த சட்டைகளில் ஒன்றை உருவி, உதறி, கைகளை நுழைத்தார். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். பூரணம் திருவலையை எடுத்து ஓரமாக வைத்து, அவருக்கு உட்கார இடம் பண்ணினாள்.

செப்பின் விளக்கு எப்போது அணைந்தது என்று இருவரும் பார்க்கவில்லை.